கூரத்து மாடியில் ஒரு ரேடியோ

காஞ்சிபுரத்தில் இருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கூரம். வைணவர்களுக்கு அது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். கல்வெட்டு, செப்பேடு என்று படிப்பவர்களுக்குப் பல்லவன் பரமேசுவரவர்மனின் செப்பேட்டால் தெரிந்த ஊர். இந்தக் கட்டுரையில் மட்டும் அது வெறும் ஒரு மொட்டை மாடி. அந்த மாடியில் ஒரு கம்பியில்லா இணையப் பெட்டியைப் பொருத்துவதாகவும், அதன் எதிர்முனை காஞ்சிபுரத்தில் ஒரு டவரில் இருப்பதாகவும் ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம்.

கம்பியில் வரும் டெலிபோனுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கம்பியின் மறுமுனை எக்ஸ்சேஞ்சில் எந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறதோ, அதுதான் அந்த டெலிபோனின் எண், விலாசம், அடையாளம் எல்லாம். காற்று அப்படி இல்லை. எந்த டவரோடு பேசுவது, எந்த அலைவரிசையில் பேசுவது, எவ்வளவு சத்தமாகப் பேசுவது, டவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தான் யார் என்று எப்படி நிரூபிப்பது, இந்த வீட்டுக்காரர் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்... இத்தனையும் மாடியில் உட்கார்ந்திருக்கும் ரேடியோவுக்குத் தெரிந்தாக வேண்டும். யார் சொல்வது? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு என்ஜினியர் லேப்டாப்போடு மாடி ஏறுவதா? அல்லது ரேடியோவே கண்டுபிடித்துக் கொள்ளுமா?

பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் கிராமத்துக்குக் கம்பியில்லா இணையம் கொண்டு போக முயன்றவர்கள் எல்லோரும் இதில் முட்டிக் கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு முக்கியமான பகுதி நடந்தது நம் தமிழ்நாட்டில். அது பலருக்குத் தெரியாது!

முப்பதாயிரம் ரூபாய்க் கணக்கு

1990-களின் தொடக்கத்துக்குப் போவோம். டெலிபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது அப்போது சாதாரணம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது சக பேராசிரியர்களும் சேர்ந்து டெநெட் என்ற குழுவை நடத்தி வந்தார்கள். அவர்கள் எடுத்துக் கொண்ட கேள்வி தொழில்நுட்பக் கேள்வி மாதிரியே இல்லை, பேலன்ஸ் ஷீட் கேள்வி மாதிரி இருந்தது.

ஒரு டெலிபோன் இணைப்புக் கொடுக்க அந்த நாட்களில் 30,000 ரூபாய்க்குக் குறையாமல் மூலதனம் தேவைப்பட்டது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு அதில் 35 சதவீதமாவது திரும்ப வந்தால்தான் நிறுவனம் பிழைக்கும். 30,000-இல் 35 சதவீதம் 10,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 875 ரூபாய். அன்றைய சம்பளத்தில் டெலிபோனுக்கு மட்டும் மாதம் இவ்வளவு கட்டக் கூடிய குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? விரல் விட்டு எண்ணி விடலாம். மூலதனத்தை மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ குறைத்தால்தான் சாதாரணக் குடும்பத்துக்குப் போன் என்பதே அவர்கள் வாதம்.

அந்த மூலதனத்தில் பெரும்பகுதி எக்ஸ்சேஞ்சில் இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்து வீடு வரை பூமிக்கு அடியில் போகும் செம்புக் கம்பியில் இருந்தது. கம்பியை எடுத்துவிட்டு ரேடியோவை வைத்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் 'கார்டெக்ட்'. ஐ.ஐ.டி. குழு, அதன் முன்னாள் மாணவர்கள் சென்னையில் தொடங்கிய மைடாஸ் நிறுவனம், சிப்புகளுக்கு அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் என்று மூன்று தரப்பும் சேர்ந்து உருவாக்கியது. பின்னாளில் மடகாஸ்கர், ஃபிஜி போன்ற நாடுகளுக்கும் போனது.

ஆனால் செம்புக்குப் பதில் ரேடியோ என்றதும் கணக்கில் புதிதாக ஒரு செலவு நுழைகிறது. ஆள் அனுப்பும் செலவு. செம்பு ஒரு தடவைச் செலவு. தப்பாக அமைத்த ரேடியோவோ, ஒவ்வொரு தடவை கோளாறு ஆகும்போதும் பஸ் சார்ஜும் ஒரு நாள் சம்பளமும் கேட்கும். மாதம் நூறு இருநூறு ரூபாய் கட்டுகிற வாடிக்கையாளரிடம் ஆண்டுக்கு இரண்டு முறை என்ஜினியர் போய் வந்தால் லாபம் என்ற சொல்லையே மறந்துவிடலாம். ஆகவே ரேடியோ தன்னைத் தானே அமைத்துக் கொள்வது என்பது சொகுசு கிடையாது. அது இல்லாவிட்டால் திட்டமே இல்லை.

அமைதியான இடம் எது?

கார்டெக்டின் அடிப்படை ஐரோப்பாவில் 1992-இல் வெளியான 'டெக்ட்' என்னும் தரம். அது கிராமத்துக்காக எழுதப்பட்டதே அல்ல. வீட்டிலும் ஆபீசிலும் கையில் எடுத்துக் கொண்டு நடக்கிற கார்ட்லெஸ் போனுக்காக எழுதப்பட்டது. ஒரு அபார்ட்மெண்டில் ஐம்பது வீடு, ஐம்பது வீட்டிலும் கார்ட்லெஸ் போன். எந்த வீட்டுக்கு எந்த அலைவரிசை என்று பங்கு பிரிக்க அங்கே யாரும் கிடையாது. ஆகவே போன்களே தங்களுக்குள் பார்த்துக் கொள்ள வேண்டும் என்று விதி வகுத்தார்கள்.

1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தைப் பத்து அலைவரிசைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தை 24 துண்டுகளாக வெட்டினார்கள். டவர் பேச 12 துண்டு, வீடு பேச 12 துண்டு. பத்தையும் பன்னிரண்டையும் பெருக்கினால் 120 வழிகள். பேச வேண்டிய நேரம் வந்ததும் வீட்டில் இருக்கும் கருவி இந்த 120-லும் காது வைத்துக் கேட்கிறது. எங்கே இரைச்சல் குறைவோ அதைத் தானே தேர்ந்தெடுத்துக் கொள்கிறது. பேச்சு நடக்கும்போதே அங்கே இரைச்சல் வந்தால் வேறு இடத்துக்குத் தாவுகிறது. பேசுகிறவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது.

அதே காலத்தில் செல்போன் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? வரைபடத்தை விரித்து வைத்துக் கொண்டு, எந்த டவருக்கு எந்த அலைவரிசை, பக்கத்து டவரோடு மோதாமல் எப்படி என்று என்ஜினியர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஒரு டவர் கூடினால் திட்டத்தை மறுபடி திருத்த வேண்டும். கார்டெக்டில் அந்த வேலையே இல்லை. புது டவர் வைத்தால் வீட்டுக் கருவிகள் தாமாக அதையும் கேட்டுத் தெரிந்து கொள்ளும். அபார்ட்மெண்ட் கார்ட்லெஸ் போனுக்கு எழுதிய விதி, திட்டம் போட ஆளில்லாத சின்ன ஊர்களுக்குப் பொருந்திப் போனது. சென்னைக்காரர்கள் இந்தத் தரத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

அடையாள விஷயமும் அப்படியே. டெக்ட் முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. முதல் தடவை ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு அறிமுகம் செய்துவிட்டால், இரு பக்கமும் பொதுவாக ஒரு சாவியை வைத்துக் கொள்ளும். பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தச் சாவியை வைத்து டவர் கருவியைச் சரிபார்க்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டும் அந்தப் பெட்டிக்கு 'வால்செட்' என்று பெயர். சாதாரண டெலிபோனைச் செருக ஒரு துளை, கம்ப்யூட்டரைச் செருக ஒரு துளை. போன் பேசிக் கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையம், போனை வைத்துவிட்டால் 70. இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று பல ஊர்களில் டயல்-அப் மோடத்துக்கே லைன் கிடையாது.

ஐந்து கிலோமீட்டர் சுவர்

ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கார்ட்லெஸ் போனுக்கு எழுதிய விதி என்பதால் தூரம் என்ற ஒன்றைப் பற்றி டெக்டுக்குப் பெரிய கவலை இல்லை. வீட்டுக்குள் என்ன தூரம் வந்துவிடப் போகிறது?

கூரம் மாடிக்குத் திரும்புவோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நேரத் துண்டு கொடுத்தோம் அல்லவா? இரண்டு துண்டுகளுக்கு நடுவில் சுமார் 50 மைக்ரோ விநாடி இடைவெளி விட்டிருந்தார்கள். ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். காஞ்சிபுரத்தில் இருந்து கூரம் பத்து, திரும்ப ஒரு பத்து, ஆக இருபது கிலோமீட்டர். அதைக் கடக்க 67 மைக்ரோ விநாடி ஆகும். கூரத்து ரேடியோ சரியான நேரத்தில் பேசியதாகத்தான் நினைத்துக் கொள்ளும். ஆனால் அதன் பேச்சு டவருக்கு 67 மைக்ரோ விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்து, 50-ஐத் தாண்டி, அடுத்த வீட்டுக்காரரின் துண்டுக்குள் காலை நீட்டிவிடும். இப்படித்தான் டெக்ட் நடைமுறையில் ஐந்து கிலோமீட்டரோடு நின்றது.

நகரத்தில் ஐந்து கிலோமீட்டர் தாராளம். கிராமத்தில்? ஒரு டவருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் டவர் செலவே ஆளை முழுங்கிவிடும். சென்னைக்காரர்கள் செய்த திருத்தம் மிக எளிமையானது: தூரத்தில் இருக்கும் வால்செட் தன் தூரத்துக்கு ஏற்ப, சற்று முன்னதாகவே பேசத் தொடங்க வேண்டும். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தூரத்து ஊர்க்காரர் கல்யாணத்தில் பந்திக்கு முந்துவது போலத்தான்! இந்த நேரத் திருத்தம் தானாகவே நடந்தது. யாரும் டேப் வைத்து அளக்க வேண்டியதில்லை. பத்துக் கிலோமீட்டர் வரை நேரடியாக எட்டியது. நடுவில் ஒரு அஞ்சல் நிலையம் வைத்தால் இருபத்தைந்து வரை. ஐந்து பத்தானால் பரப்பளவு நான்கு மடங்கு. ஒரே டவரின் செலவைப் பங்கு போட நான்கு மடங்கு ஊர்கள் கிடைக்கும் என்று அர்த்தம். ஒரு மைக்ரோ விநாடிக் கணக்கு ரூபாய்க் கணக்காக மாறும் இடம் இது.

மேலூரில் நடந்தது

2001-இல் டெநெட் குழுவின் ஆதரவில் என்-லோக் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பெரிய நகரங்கள் பக்கமே போகாமல் சிற்றூர்களுக்கு மட்டும் இணையம் கொடுப்பது அதன் நோக்கம். அதே ஆண்டு மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டம் ஆரம்பமானது. சென்னை ஐ.ஐ.டி., என்-லோக், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்ட் எல்லாம் அதில் பங்கு. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் கடன் வாங்கி ஒரு சிறிய இணைய மையம் வைப்பார். கம்ப்யூட்டர், வால்செட், ஆண்டெனா, கரண்ட் போனால் தாங்க பேட்டரி எல்லாம் சேர்த்து சுமார் 50,000 ரூபாய் முதலீடு. மாதம் 3,000 ரூபாய் வந்தால் கையைக் கடிக்காது என்பது திட்டம் போட்டவர்கள் கணக்கு. பக்கத்து டவுனில் ஒரு உள்ளூர்ப் பங்குதாரர் டவரையும் பராமரிப்பையும் பார்த்துக் கொள்வார்.

இங்கேதான் 'தானியங்கி' என்ற சொல்லின் எல்லை தெரிகிறது. வால்செட் அலைவரிசையைத் தானே தேடிக் கொண்டது. தூரத்தைத் தானே சரி செய்து கொண்டது. ஆனால் ஆண்டெனாவை டவர் பக்கம் திருப்பி வைக்க ஒரு கை வேண்டும். நடுவில் ஒரு தென்னந்தோப்போ பனைவரிசையோ இருந்தால் கம்பத்தை இன்னும் உயர்த்த வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு டயல் செய்யும் செட்டிங். அதுவும் ஆள் வேலைதான். விண்டோஸில் வைரஸ் புகுந்தால் கிராமத்தார் பார்வையில் 'நெட் வரவில்லை'. ரேடியோ என்னவோ மேலே ஒழுங்காக வேலை செய்து கொண்டிருக்கும்!

2000-களின் நடுப்பகுதிக்குள் அந்த மையங்களில் பல மூடிவிட்டன. கார்டெக்ட் தோற்றதால் மூடின என்று சிலர் எழுதுவது சரியாகப் படவில்லை. மாதம் 3,000 ரூபாய்க்கு வேண்டிய வாடிக்கை பல ஊர்களில் இல்லை. கையில் செல்போன் வந்ததும் போன் வருமானம் போயிற்று. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்று 256 கிலோபிட்டில் பிராட்பேண்டை இறக்கியது. 35 கிலோபிட் அதற்கு முன்னால் எப்படி நிற்கும்? ரேடியோ தன்னைத் தானே அமைத்துக் கொள்வது ஒரு செலவைக் குறைக்கும். வருமானத்தை உண்டாக்காது. இரண்டும் வேறு வேறு என்பது கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம்.

மேலூர் மையங்களில் செய்து பார்த்தவற்றில் ஒன்று: கண் நோயாளியின் கண்ணை வெப்காமில் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஈ-மெயிலில் அனுப்புவது. படம் போனது. ஆனால் டாக்டர் நோயாளியோடு நேருக்கு நேர் பேச வேண்டும் என்றால் வீடியோ வேண்டும். அதற்கு இந்த வேகம் பற்றாது. அடுத்த கட்டம் அரவிந்தில்தான் நடந்தது, வேறொரு ரேடியோவை வைத்து.

தேனியில் வைஃபை

2005-இல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளிப்புறத்திலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. வைஃபை கார்டு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் தயாராவதால் விலை மிகக் குறைவு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூயரின் குழு, அரவிந்தின் தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஐந்து கண் மையங்களையும் வைஃபை ரேடியோ கொண்டு இணைத்தது. 11 ரேடியோப் பெட்டிகள், 9 இணைப்புகள். ஒரு கிலோமீட்டரில் இருந்து 15 கிலோமீட்டர் வரை தூரம். சில பெட்டிகள் டவரில் ஏறின. ஒன்று நூற்பாலை வளாகத்தில் இருந்த மின் நிலையப் புகைபோக்கி மேல் ஏறியது. டவருக்குச் செலவழிக்காமல் இருக்கிற உயரத்தைப் பயன்படுத்திக் கொண்டார்கள்.

வைஃபையும் வீட்டுக்குள் பிறந்த பிள்ளைதான். ஆகவே அதே தூரப் பிரச்சினை, வேறு வேஷத்தில். வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். 15 கிலோமீட்டர் என்றால் அலை போய்வரவே 100 மைக்ரோ விநாடி. பதில் வருவதற்குள் பொறுமை இழந்து மறுபடி அனுப்பும். இணைப்பு நன்றாக இருந்தும் வேகம் சரிந்துவிடும்.

இன்னொன்று, யார் முதலில் பேசுவது என்பதை வைஃபை ஒரு வகைக் குலுக்கலில் முடிவு செய்கிறது. இதன் மூலம் 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழு இயக்கிய அலோஹா நெட்வொர்க். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக் கொண்டால், ஆளுக்கொரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அத்தனை நேரம் காத்திருந்து, மறுபடி முயல்வது. கூரம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் கல்லில் வெட்டிய குடவோலை முறை நினைவுக்கு வருகிறதா? (உடனே "அன்றே தமிழன் வைஃபை கண்டான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே ஊர் நடுவில் எல்லோர் கண்முன்னால் ஒரு சிறுவன் ஓலை எடுத்தான். இங்கே ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஓலை எடுத்துக் கொள்கிறார்கள்.) குலுக்கல் நியாயமாக நடக்க, எல்லோரும் எல்லோரையும் கேட்க வேண்டும். 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் பேசத் தொடங்கியது இங்கே தாமதமாகத்தான் கேட்கும். பெர்க்லிக் குழு குலுக்கலைத் தூக்கிவிட்டு, இந்த முனைக்கு இத்தனை நேரம், அந்த முனைக்கு இத்தனை நேரம் என்று முறை வைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி.க்காரர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். அதாவது சுற்றிச் சுற்றி, பத்து வருடம் முன்பு கார்டெக்ட் நின்ற இடத்துக்கு!

ஆனால் தேனிக் கதையில் வேகத்தை விட முக்கியமானது வேறு. பெட்டிகள் பொருத்தியான பிறகு அவை அடிக்கடி செத்தன. பெரும்பாலும் மின்சாரத்தால். வோல்டேஜ் ஏறும், இறங்கும். குறைந்த வோல்டேஜில் பெட்டி பாதி உயிரோடு தொங்கும், அல்லது மெமரி கார்டில் எழுதியது கெட்டுப் போகும். செட்டிங் போய்விட்டால் அந்தப் பெட்டி யாருக்கும் எட்டாது. மையத்தில் நோயாளி உட்கார்ந்திருப்பார், திரையில் டாக்டர் வரமாட்டார். அவருக்கு அது ஒரு நாள் கூலி போன பயணம்.

அதனால் அந்தக் குழு செய்தவை எல்லாம் பெட்டி தன்னைத் தானே மீட்டுக் கொள்ளும் வழிகள். வோல்டேஜ் குறைந்தால் முழுவதும் அணைந்துவிட்டு, சரியானதும் திரும்ப எழும் ஏற்பாடு. பெட்டி உறைந்து போனால் தட்டி எழுப்ப ஒரு காவல் கடிகாரம். புது மென்பொருள் போட்டு அது எழவில்லை என்றால் நல்ல பழையதுக்குத் தானே திரும்புவது. வெளியில் இருந்து உள்ளே போக வழியில்லாத இடங்களில் பெட்டியே வெளியே கூப்பிட்டுத் தன் நிலையைச் சொல்வது. இவற்றில் மிகவும் ரசிக்க வைப்பது விலாச ஏற்பாடு: யாராவது தவறான விலாசம் போட்டு நெட்வொர்க் முழுக்கக் குழம்பிப் போனாலும், ஒவ்வொரு இணைப்பின் இரு முனைக்கும் தானாக அமையும் ஒரு உள்விலாசம் இருக்கும். பக்கத்துப் பெட்டி வரை போய், அதில் ஏறி அடுத்ததற்குப் போய், தோளோடு தோளாக எட்டிப் பிடிக்கலாம். வாடிக்கையாளர் ரேடியோ தானே அமைந்து கொள்வது என்றால் முதல் நாள் பொருத்தும் வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தேனி காட்டியது, அது நூறாவது நாளின் வேலை என்பதை.

அதோடு நிற்காமல் உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பராமரிப்பை அவர்களிடமே விட்டார்கள். எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் பாதிப் பயணம் மிச்சம்.

ஆபீசில் இருந்து ஒரு சாவி

உலகத்தின் மற்ற பக்கத்தில் வேறு பாதை போட்டுக் கொண்டிருந்தார்கள். 1997-இல் வந்த கேபிள் மோடம் தரத்திலேயே, மோடம் எழுந்ததும் கம்பெனி ஆபீசில் இருந்து தன் செட்டிங் கோப்பை இறக்கிக் கொள்ளும். 2002-இல் மோட்டரோலா வெளியிட்ட கனோபி என்ற வீட்டு மாடி ரேடியோ, அலைவரிசைகளைத் தானே துழாவி, 'கலர் கோட்' என்ற எண் பொருந்தும் டவரில் பதிந்து கொள்ளும். 2004 மே மாதம் டி.எஸ்.எல். ஃபோரம் என்ற அமைப்பு டி.ஆர்-069 என்ற விதியை வெளியிட்டது. வாடிக்கையாளர் பெட்டி ஆபீஸ் சர்வரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். சர்வர் அதன் செட்டிங்கை மாற்றலாம், மென்பொருளைப் புதுப்பிக்கலாம், என்ன கோளாறு என்று கேட்கலாம். கம்பி மோடத்துக்கு எழுதியதுதான், கம்பியில்லாப் பெட்டிகளும் எடுத்துக் கொண்டன.

இது டெக்ட் வழிக்கு நேர் எதிர். டெக்டில் அறிவு மாடியில் இருந்தது. இங்கே அறிவு ஆபீசில், மாடியில் இருப்பது கீழ்ப்படிகிற பெட்டி. கம்பெனிக்கு இது சௌகரியம். ஆனால் லட்சக்கணக்கான வீட்டுக்கு ஒரே வகைப் பூட்டு என்றால் திருடனுக்கும் சௌகரியம்தானே? 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணையம் தடுமாறியது. இந்தத் தொலைநிர்வாகத்துக்காகத் திறந்து வைத்திருந்த வாசலைத் தேடி வந்த மிராய் வகைக் கிருமி அது. பெட்டிகளைக் கைப்பற்ற வந்தது, கைப்பற்ற முடியாமல் ஸ்தம்பிக்க வைத்தது. யாரும் மாடி ஏறாமல் 9 லட்சம் வீட்டைச் சரி செய்ய முடியும் என்றால், யாரும் மாடி ஏறாமல் 9 லட்சம் வீட்டைக் கெடுக்கவும் முடியும்.

2023-க்குப் பிறகு

2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் 5ஜி வழியாக வீட்டு இணையம் விற்கத் தொடங்கின. ஜியோ அந்தச் செப்டம்பர் 19-ஆம் தேதி எட்டு நகரங்களில் ஆரம்பித்தது, சென்னை அதில் ஒன்று. இப்போது அடையாளம் சிம்மில் இருக்கிறது. தூரத்துக்கு ஏற்ப முன்னதாகப் பேசும் திருத்தம் செல்போன் தரத்துக்குள்ளேயே இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. அலைவரிசை, சத்தத்தின் அளவு, வேகம் எல்லாம் டவர் சொல்லி ரேடியோ கேட்கிறது. மேலூரில் ஆள் செய்ய வேண்டியிருந்த வேலைகளில் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மிச்சக் கால்வாசி அப்படியே இருக்கிறது. வெளிப்பெட்டியை எடுத்துக் கொண்டு ஒருவர் மாடி ஏறித்தான் ஆக வேண்டும். டவர் எந்தப் பக்கம், நடுவில் பனைமரம் இருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் வைத்தால் போதுமா, குழாய் நட்டு உயர்த்த வேண்டுமா என்று பார்த்துத் திருப்பி வைத்து, வயரை ஜன்னல் வழியாகக் கீழே இறக்கி விட்டுத்தான் இறங்க வேண்டும். ஜியோ தொடங்கியபோது இந்த வேலைக்குப் பொருத்தும் கட்டணம் 1,000 ரூபாய் என்று போட்டிருந்தது. ஒரு வருடத் திட்டத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் அந்த ஆயிரமும் தள்ளுபடி.